அரிசி மூட்டைப் பட்டாளம்: ஏ.எஸ்.சி.யோடு உங்களுக்கு நேர்ந்தது என்ன?

குப்பத்து டிரைவர்:

பதினேழு வருஷம் ஏ.எஸ்.சி.யில், அதாவது பட்டாளத்துக்குச் சாப்பாடும் டீசலும் கொண்டு சேர்க்கிற ஆர்மி சர்வீஸ் கோரில், லாரி ஓட்டினேன். முதல் லீவில் ஊருக்கு வந்தபோது தாய்மாமா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார்: "என்னா மாப்ளே, துப்பாக்கி தூக்கினியா, அரிசி மூட்டை தூக்கினியா?" திண்ணையே சிரித்தது. குப்பம், பலமனேர், பரதராமி, குடியாத்தம் என்று ஆந்திர–தமிழ்நாட்டு எல்லைக்கு இரண்டு பக்கமும் பட்டாளத்துக்காரர்களுக்குக் குறைவில்லை. அதில் சப்ளைக்காரன் மட்டும் எப்போதும் ஒரு படி மட்டம். அங்கே இருந்தவர்கள், பழகியவர்கள், திட்டியவர்கள் எல்லாரும் எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

பயிற்சி பெங்களூர் அகரத்தில். கன்டோன்மெண்டில் ரயில் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் குப்பம். ஆனால் லீவு கிடையாது. பீகார்ப் பையனைவிட எனக்குத்தான் வீட்டு நினைப்பு அதிகம். முதல் வாரமே வரலாற்றை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். தொடக்கம் 1760. டிசம்பர் 8 நமது நாள். கும்பெனி காலத்தில் வங்காளம், சென்னை, பம்பாய் மூன்று படைக்கும் தனித்தனி கமிசேரியட், அதாவது சப்ளை இலாகா. 1923இல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர் என்று பெயர் வந்தது, 1935இல் முன்னால் ஒரு 'ராயல்' சேர்ந்தது. குடியரசானதும் அந்த ராயல் போய்விட்டது.

ஊரில் பலருக்குத் தெரியாதது ஒன்று. குண்டும் உடுப்பும் ஆர்ட்னன்ஸ் என்கிற வேறொரு பிரிவுக்காரர்கள் பொறுப்பு. தின்பதும் எரிவதும் எங்கள் பொறுப்பு: அரிசி, ஆட்டா, பருப்பு, பால் டின், டீசல், மண்ணெண்ணெய், மிருகத்துக்குத் தீவனம். ஆனால் அந்தக் குண்டை ஏற்றிப் போகிற லாரியும் பெரும்பாலும் எங்களுடையதுதான்.

லடாக்கில் பனி விழுந்தால் ஜோஜிலா கணவாய் மூடிவிடும். அப்போதெல்லாம் நவம்பர் கடைசியில் மூடினால் மே மாதம்வரை தரை வழி இல்லை. அதனால் வழி திறந்திருக்கிற மாதங்களிலேயே குளிர்காலம் முழுவதற்கும் வேண்டியதை மேலே ஏற்றி அடுக்கிவிட வேண்டும். நம் ஊரில் கோடையில் வடகம் போட்டு வைக்கிற கணக்குத்தான், அளவு மட்டும் வேறு. குளிரில் டீசலே மெழுகு மாதிரி உறையும். ராத்திரி எழுந்து எழுந்து இன்ஜினை ஓடவிடுவோம். அப்படியும் காலையில் கிளம்பாவிட்டால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொளுத்தி டேங்குக்குக் கீழே காட்டுவோம். இன்று நினைத்தால் பயமாக இருக்கிறது. மைனஸ் 33 டிகிரி தாங்கும் டீசல் 2019இல்தான் வந்தது. நான் அதற்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டேன்.

1999 மே, ஜூன், கார்கில் போர். ஸ்ரீநகர்–லே சாலைக்கு மேலே டோலோலிங் உச்சியில் எதிரி உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் திராஸ் பக்கம் வருகிற லாரியை எண்ணிவிடலாம், எண்ணி பீரங்கிக்குச் சொல்லிவிடலாம். அதனால் அந்தத் துண்டில் ராத்திரியில்தான் போக்குவரத்து, ஹெட்லைட் கிடையாது. பட்டாள லாரியின் பின் அச்சு நடுவில் உருண்டையாக ஒன்று இருக்கும், டிஃபரன்ஷியல். அதில் வெள்ளைப் பெயிண்ட் அடித்து, மேலே மினுக்கென்று ஒரு சின்ன விளக்கு வைத்திருப்பார்கள். பின்னால் வருகிறவனுக்கு உலகத்தில் தெரிவது அந்த வெள்ளை வட்டம் ஒன்றுதான். அது இடது பக்கம் போனால் நானும் இடது. அது நின்றால் நானும் நிற்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் டீசல் பேரல்கள். ஒரு ராத்திரி எங்கோ முன்னால் குண்டு விழுந்த சத்தம். வட்டம் நிற்கவில்லை, நானும் நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோ-டிரைவர் வாயில் வெங்கடேசப் பெருமாள் பேர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் கிறிஸ்தவப் பையன்.

ஜூன் 13 டோலோலிங் நம் கைக்கு வந்தது. அப்புறம்தான் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

பரதராமி பெண்:

அண்ணா, எங்கள் நைனா ஏ.எஸ்.சி.யில் லாரி இல்லை, கச்சர். கோவேறு கழுதைக் கம்பெனி. ஊரில் எங்களைக் 'கழுதை மேய்க்கிறவர் பொண்ணு' என்பார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தால் அவர் சிரிப்பார். லாரி நிற்கிற இடத்தில்தான் என் வேலை தொடங்குகிறது என்பார். ஒவ்வொரு மிருகத்துக்கும் குளம்பில் சூடு போட்ட எண் உண்டாம், பெயர் வைக்க மாட்டார்களாம். பெயர் கிடைத்த ஒன்றைப் பற்றி மட்டும் அடிக்கடி சொல்வார். அது பெடோங்கி. 1971 போரில் பாகிஸ்தான் பக்கம் பிடிபட்டு, முதுகில் ஏற்றியிருந்த மெஷின்கன்னும் தோட்டாப் பெட்டியும் அப்படியே இருக்க, தானாகவே நடந்து திரும்பி வந்த கழுதை. கின்னஸ் புத்தகத்தில்கூட அதன் பேர் ஏறியது.

இன்னொன்றும் சொல்வார். இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரப் படை முழுக்க மோட்டாருக்கு மாறிவிட்டது. பிரான்சில் சேறும் பனியும் வந்தபோது சுமை இழுக்க நம் கழுதைக் கம்பெனிகள் நான்கை 1939 டிசம்பரில் பம்பாயிலிருந்து கப்பல் ஏற்றினார்கள். 1940இல் ஜெர்மானியரிடம் தோற்றுப் பின்வாங்கியபோது, டன்கிர்க் துறைமுகத்தில் ஆட்களை மட்டும் கப்பலில் ஏற்றிக்கொண்டார்கள். ஒரு கம்பெனி ஆட்கள் ஜெர்மானியரிடம் மாட்டிக்கொண்டார்கள். கழுதைகளை ஏற்ற வழியில்லை, விட்டுவிட்டு வந்தார்கள். இந்த இடம் வரும்போது நைனா பேச்சை நிறுத்திக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடுவார்.

பென்ஷனில் வந்த பிறகும் மாடு தின்று, தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவர் தட்டு முன்னால் உட்கார மாட்டார். அம்மா அதற்காகத் திட்டாத நாள் இல்லை.

சித்தூர் சுபேதார்:

தம்பி, நான் மெட்ராஸ் ரெஜிமெண்ட். உங்கள் ஆட்களைத் திட்டாத நாள் எங்களுக்கும் இல்லை! நமக்குச் சோறு வேண்டும், மூட்டை பிரித்தால் ஆட்டா. மலை உயரத்துக்கு அரிசி வந்தாலும் குக்கர் இல்லாமல் வேகாது, அது வேறு கதை. ஒரு முறை எம்.ஓ.ஹெச். வந்தது. காலோடு வருகிற கறி, அதாவது உயிர் ஆடு. மலையில் தானே நடந்து ஏறி வந்ததால் பையன்கள் அதற்குப் பேர் வைத்துக் கொஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு நாள் யாரும் வெட்டவில்லை. ஐந்தாம் நாள் பருப்பு தீர்ந்தது. சரி, விடுங்கள்.

விமானத்திலிருந்து மூட்டை போடுவதையும் பார்த்திருக்கிறேன். விமானம் விமானப்படையுடையது. மூட்டை கட்டி, பாராசூட் பிணைத்து, திறந்த கதவருகே நின்று தள்ளிவிடுகிறவன் உங்கள் ஏ.எஸ்.சி. ஆள். பாதி எங்கள் பக்கம் விழும், மீதி பள்ளத்தில் போகும். பள்ளத்தில் போனதில்தான் எப்போதும் சர்க்கரை இருக்கும், என்ன ராசியோ.

வி.கோட்டா தக்காளி:

நான் பட்டாளம் இல்லை, மண்டிக்காரன். ஒரு காண்டிராக்டர் மூலமாக ஒரு சப்ளை டிப்போவுக்கு இரண்டு சீசன் தக்காளி அனுப்பினேன். மேல் தட்டில் நல்ல பழம் அடுக்கி அடியில் சோடை போடுவது எங்கள் தொழிலில் தெரிந்த சங்கதிதான். முதல் நாள் காலை ஆறு மணிக்கு வந்த ஹவில்தார் ஒரு வார்த்தை பேசவில்லை. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு அடியிலிருந்து எண்ண ஆரம்பித்தார். வண்டி முழுக்கத் திரும்பி வந்தது. அந்தக் காண்டிராக்டர் எனக்குப் பாதிப் பணம் இன்னும் தரவில்லை. அது ஹவில்தார் குற்றமில்லை.

கேட்க ஒன்று உண்டு அண்ணா. மேலே சுமை ஏற்றிப் போனீர்கள், திரும்பி வரும்போது வண்டி காலியா?

குப்பத்து டிரைவர்:

காலியாக வர விட்டால்தானே! காலி பேரல், காலி ஜெரிகேன், எல்லாம் எண்ணி ஏற்றி, எண்ணி இறக்க வேண்டும். ஒரு ஜெரிகேன் குறைந்தாலும் விசாரணை. நிறைந்த பேரல் அசையாமல் வரும். காலிப் பேரல் திருப்பத்துக்குத் திருப்பம் தகரத்தோடு தகரம் மோதிச் சத்தம் போடும். நடுவில் கோணிச் சாக்கு சொருகிப் பார்த்தோம், பலன் இல்லை. போகும்போது விளக்கில்லாமல், பேச்சில்லாமல் போன அதே வழியில் ஊரையே எழுப்பிக்கொண்டு இறங்குவோம்.

சுபேதார் சாப், அந்தச் சர்க்கரை மூட்டையை நாங்கள் எடுக்கவில்லை.