முதல் மஸில்லோடர்: ஃப்ளின்ட்லாக்கா, இன்லைனா? எந்த மாநிலத்தில் எது செல்லும்?

சஸ்குவஹானாவாசி கேட்கிறார்:

வணக்கம். நான் பென்சில்வேனியாவில், லங்காஸ்டருக்கு அருகில் வசிக்கிறேன். வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்து உரிமம் பெற்ற பின், இதுவரை தோட்டா போடும் சாதாரண ரைஃபிளோடு மட்டுமே மான் வேட்டைக்குச் சென்றிருக்கிறேன். இப்போது மஸில்லோடர் ஒன்றை, அதாவது குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கி ஒன்றை, வாங்க விரும்புகிறேன். அக்டோபரில் கொம்பில்லா மான்களுக்கென விடப்படும் மஸில்லோடர் வாரத்திலும் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பருவத்திலும் அது பயன்பட வேண்டும். குலுக்கலில் உரிமம் கிடைக்கும் ஓர் ஆண்டில் கொலராடோ சென்று எல்க் என்ற பெரிய மானினத்தை வேட்டையாடவும் ஆசை உண்டு.

கடைக்காரர் பற்றவைக்கும் பகுதி குழலுக்கு நேர் பின்னால் அமைந்த இன்லைன் துப்பாக்கி ஒன்றையும் (.50 கலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம்), அதன்மேல் பொருத்த, இலக்கைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு ஸ்கோப்பையும் பரிந்துரைக்கிறார். எங்கள் துப்பாக்கிச் சங்கத்துப் பெரியவர் ஒருவரோ, சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் ஃப்ளின்ட்லாக்கைத் தவிர வேறெதையும் மஸில்லோடர் என்று ஒப்புக்கொள்ளவே மறுக்கிறார். ஒரே துப்பாக்கியால் இந்த மூன்று தேவைகளும் நிறைவேறுமா? ஒரு மாநிலம் அனுமதிப்பதை அடுத்த மாநிலம் தடுப்பதற்கு நியாயமான அடிப்படை ஏதும் உண்டா, அல்லது அந்தந்த ஊர் வேட்டைக்காரர்களின் பிடிவாதம்தான் சட்டமாகியிருக்கிறதா? நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன் என்பதையும் கருத்தில் கொண்டு சொல்லுங்கள்.

நீலமலைக்காரர் எழுதுகிறார்:

கடைக்காரர் காட்டிய துப்பாக்கி அக்டோபர் வாரத்துக்குப் பொருந்தும். கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பருவத்தில் அதை எடுத்துக்கொண்டு வேட்டைக்குப் போவது விதிமீறல். 1974-இல் தொடங்கிய நாளிலிருந்தே அந்தப் பருவம் ஃப்ளின்ட்லாக்குக்கு மட்டும் உரியது. 1800-க்கு முன் செய்யப்பட்ட ஒற்றைக்குழல் துப்பாக்கியாகவோ, அத்தகைய ஒன்றின் மாதிரியில் இன்று செய்யப்பட்டதாகவோ இருக்க வேண்டும்; நீள் துப்பாக்கியானால் .44 கலிபருக்குக் குறையக் கூடாது, ஸ்கோப் கூடாது. தொடக்கத்தில் துணியில் சுற்றிய உருண்டைக் குண்டு மட்டுமே செல்லும் என்றிருந்த நிபந்தனை பிற்காலத்தில் தளர்த்தப்பட்டு, ஒற்றைக் குண்டு எந்த வடிவிலும் இருக்கலாம் என்றாயிற்று. பற்றவைக்கும் முறையில் மட்டும் வேட்டைத்துறை இன்றுவரை இறங்கிவரவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சட்டம் பற்றவைக்கும் முறையைப் பார்க்கிறதே தவிரத் துப்பாக்கிக் கட்டையைப் பார்ப்பதில்லை. ஆகவே பிளாஸ்டிக் கட்டையும் கழற்றக்கூடிய பின்திருகும் பொருத்தி, மருந்து வில்லைகளைப் போட்டுச் சுடும்படி வடிவமைத்த ஃப்ளின்ட்லாக் ஒன்றை ட்ரெடிஷன்ஸ் நிறுவனம் நம் மாநிலத்தின் பெயரைச் சுருக்கிச் சூட்டியே விற்கிறது. 18ஆம் நூற்றாண்டில் நீங்கள் வாழும் லங்காஸ்டர் பகுதியில்தான் ஜெர்மானியக் கொல்லர்கள் நீண்ட குழல் ரைஃபிளை உருவாக்கினார்கள். அவர்கள் அதைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

ஃப்ளின்ட்லாக்கை வாங்குமுன் அது சுடும் விதத்தை அறிந்துகொள்ளுங்கள். விசையை இழுத்ததும் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி சிந்துகிறது. அந்தப் பொறி கிண்ணியில் உள்ள நுண்மருந்தைப் பற்றவைக்கிறது. அந்த நெருப்பு பக்கத்துளை வழியாக உட்புகுந்து குழலில் உள்ள மருந்தை எட்டுகிறது. நன்கு பேணப்பட்ட துப்பாக்கியில் இந்த இடைவெளி மிகச் சிறியது. ஆயினும் கண்ணெதிரே கிண்ணி குப்பென்று எரியும்போது முகத்தைத் திருப்பாமல் குறியைப் பிடித்து நிற்கப் பழகாதவருக்கு மான் கிடைக்காது. பனியிலும் தூறலிலும் கிண்ணி மருந்து நமுத்துப்போகும். பைரோடெக்ஸ், டிரிப்பிள் செவன் போன்ற மாற்று மருந்துகள் பற்றுவதற்குக் கூடுதல் வெப்பம் தேவை என்பதால் கிண்ணியில் அவற்றை நம்ப முடியாது. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த அசல் கருமருந்துதான் வேண்டும். உருண்டைக் குண்டோடு 75 கெஜத்துக்குள் சுடுவதே நல்லது. நன்கு பயின்றவர்கள் 100 வரை போகலாம்.

சாரலான் எழுதுகிறார்:

நான் கொலராடோவில் இருக்கிறேன். இங்கு மஸில்லோடர் பருவம் செப்டம்பரில், எல்க் ஆண்கள் இணைதேடிக் குரலெழுப்பும் காலத்தில் வருகிறது. சாதாரண ரைஃபிள்காரர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காத சலுகை இது. அந்தச் சலுகைக்கு ஈடாக அரசு கேட்பது சுடும் தூரத்தைக் குறைத்துக்கொள்வதைத்தான் என்று புரிந்துகொண்டால், குழப்பமாகத் தோன்றும் விதிகள் எல்லாம் ஒரே திசையில் நிற்பது தெரியும்.

இன்லைன் துப்பாக்கியை இம்மாநிலம் தடுக்கவில்லை. அதில் நெருப்பூட்டும் வலுவான 209 பிரைமரையும் தடுக்கவில்லை. ஆனால் மஸில்லோடர் பருவத்தில் ஸ்கோப் கூடாது. வில்லையாகச் செய்த மருந்து கூடாது. தூளாக அளந்தே போட வேண்டும். புகையில்லா மருந்துக்கும் தடை. குழலைவிடச் சிறிய குண்டைப் பிளாஸ்டிக் உறையில் பொதிந்து சுடும் சேபோவுக்கும் அனுமதியில்லை. கூம்புக் குண்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. எல்க், மூஸ் ஆகியவற்றுக்குக் குறைந்தது .50 கலிபர், மானுக்கு .40. உங்கள் கடைக்காரர் சொல்லும் தொகுப்பில் ஸ்கோப், வில்லை, சேபோ மூன்றையும் கழற்றி வைத்துவிட்டால் அதே துப்பாக்கி இங்கே சட்டப்படி செல்லும். ஆனால் கூடுதல் விலை கொடுத்ததே அந்த மூன்றும் தரும் பயனுக்காகத்தானே?

ஐடஹோ இன்னும் கறார். மஸில்லோடருக்கென்று ஒதுக்கிய பருவங்களில் பற்றவைக்கும் பகுதி வெளியில் தெரிய வேண்டும். சக்கிமுக்கிக் கல்லும், அடித்தால் பற்றும் சிறு மூடிகளான பெர்கஷன் கேப், மஸ்கெட் கேப் ஆகியவையும் மட்டுமே செல்லும். 209 பிரைமர் கூடாது. நவீன இன்லைன்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியிலேயே அடிபட்டுப் போகின்றன.

எனவே உங்கள் முதல் கேள்விக்கு என் விடை: மூன்று தேவைகளுக்கும் ஒரே துப்பாக்கிதான் வேண்டுமென்றால், திறந்த குறிகாட்டியுள்ள .50 கலிபர் ஃப்ளின்ட்லாக். குண்டைச் சுழலவைக்கும் குழலின் உட்புரி 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றிருந்தால் உருண்டைக் குண்டும் குட்டையான கூம்புக் குண்டும் இரண்டுமே ஓரளவு நேராகப் போகும். உருண்டைக் குண்டையே நம்புபவர்கள் 60 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றைத் தேடுவார்கள்; சேபோவுக்கென்று செய்த இன்லைன்களில் பெரும்பாலும் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும், அதில் துணி சுற்றிய உருண்டைக் குண்டு முழு மருந்தோடு சரியாகப் போகாது. .50 கலிபரில் போடும் .490 அங்குல ஈயக்குண்டின் எடை ஏறத்தாழ 177 கிரெயின், அதாவது சுமார் பதினொன்றரை கிராம்தான். எல்க்குக்குக் கூம்புக் குண்டு போடுவதே நல்லது என்பது என் கருத்து.

ஓசார்க்கன் எழுதுகிறார்:

சாரலான் சொல்வதில் தகவல்கள் சரி. அவற்றிலிருந்து எட்டும் முடிவோடு நான் உடன்படவில்லை. எங்கள் மிஸௌரியைச் சேர்ந்த டோனி நைட் என்ற துப்பாக்கிக் கொல்லர் 1985-இல் எம்கே-85 என்ற இன்லைனைக் கொண்டுவந்தபோது, அதற்குக் கிடைத்த வரவேற்புக்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல. மழையிலும் துப்பாக்கி தவறாமல் சுட்டது. கேப்பிலிருந்து நெருப்பு நேராக மருந்தில் பாய்ந்ததால் விசைக்கும் வெடிக்கும் இடையே தாமதம் இல்லை. பின்பக்கத்தைத் திருகிக் கழற்றிச் சுத்தம் செய்ய முடிந்தது. வயதால் கண் மங்கிய ஒருவர் இரும்புக் குறிகாட்டியை வைத்துக்கொண்டு 90 கெஜத்தில் உள்ள மானின் தோள்பட்டையை எங்ஙனம் உறுதியாகப் பார்ப்பார்? ஸ்கோப்பைத் தடைசெய்வதால் தூரம் குறையும் என்கிறீர்கள். எல்லோரும் அடக்கத்தோடு நடந்துகொண்டால் குறையும். அடக்கமில்லாதவர் அதே தூரத்திலிருந்து சுட்டு, அடிபட்ட விலங்கைக் காட்டில் தொலைத்துவிட்டு வருவார்.

கிழக்கிலும் நடுமேற்கிலும் பல மாநிலங்களில் வெள்வால் மான்கள் தேவைக்கு மேல் பெருகிவிட்டன. அங்கே வேட்டைத்துறை எதிர்பார்ப்பது எண்ணிக்கை குறைவதை. பழைய கலையைக் காப்பது அதன் முதல் வேலை அல்ல. ஆகவே அங்கெல்லாம் ஸ்கோப்பும் வில்லையும் சேபோவும் பொதுவாக அனுமதிக்கப்படுகின்றன. குலுக்கல் முறையில் உரிமம் வழங்கும் மேற்கு மாநிலங்களின் அளவுகோலை நாடு முழுவதற்கும் நீட்டக் கூடாது.

சாரலான் எழுதுகிறார்:

காயம்பட்ட விலங்கு பற்றி நீங்கள் சொல்வதை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் தளர்த்திக்கொண்டே போனால் எங்கு போய் நிற்கும் என்பதற்கு மிசிசிப்பி சான்று. அங்கே பழமை ஆயுதப் பருவம் என்ற பெயரிலேயே, வெளியில் தெரியும் குதிரை (அடிசுத்தி) கொண்ட, 1900-க்கு முந்தைய வடிவமைப்பிலான, .35 கலிபரோ அதற்கு மேலோ உள்ள, பின்பக்கம் தோட்டா போடும் ஒற்றைச்சுடு ரைஃபிள்களும் செல்லும் என்று முதலில் விதி வந்தது. பிறகு தனியார் நிலத்தில் விரும்பிய ஆயுதத்தையே எடுத்துச் செல்லலாம் என்றாயிற்று. யூட்டா நேர் எதிர்த் திசையில் திரும்பியது. 2016-இல் மஸில்லோடர்களுக்கு உருப்பெருக்கும் ஸ்கோப்பை அனுமதித்த அம்மாநில வனவிலங்கு வாரியம், துப்பாக்கிகளின் எட்டும் தூரம் மிகுந்துவிட்டதைக் கண்டு 2024-இல் அந்த அனுமதியைத் திரும்பப் பெற்றது. பருவத்தின் நீளமும் உரிமங்களின் எண்ணிக்கையும் வேட்டையில் எத்தனை பேர் வெற்றி பெறுவார்கள் என்ற கணக்கில்தான் வகுக்கப்படுகின்றன. துப்பாக்கி மேம்பட்டால் உரிமம் குறையும். பலர் காட்டுக்குள் செல்வதும் சிலர் எளிதாகச் சுடுவதும் ஒருங்கே கிடைக்காது. நான் முன்னதைத் தேர்வேன்.

தடைகளிலேயே எனக்கு ஒப்புதல் இல்லாதவையும் உண்டு. வில்லையாக அடைத்த மருந்துக்கும் அளந்து ஊற்றிய தூளுக்கும் தூரத்தில் பெரிய வேறுபாடு இல்லை. விதி எழுதியவர்கள் அங்கே தூரத்தைவிடச் சடங்கைத்தான் காத்திருக்கிறார்கள்.

சட்டநோக்கி எழுதுகிறார்:

விசா பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். நான் வழக்கறிஞர் அல்லேன், வாங்குமுன் ஒருவரைக் கலந்துகொள்ளுங்கள். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. முறையாக வழங்கப்பட்ட வேட்டை உரிமம் கையில் இருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே ஏற்கெனவே உங்களிடம் ரைஃபிள் இருக்குமானால், வேட்டைக்குப் போகாத ஆண்டிலும் உரிமத்தைக் காலாவதியாக விடாதீர்கள். பருவம் முடிந்ததும் உரிமத்தை மறந்துவிட்டு அலமாரியில் தோட்டாப் பெட்டியை வைத்திருப்பவர்கள் நம்மவர்களிடையே உண்டு. அது சிறு பிழை அல்ல, குடியேற்ற நிலையையே பாதிக்கக்கூடியது.

மஸில்லோடரின் நிலை வேறு. 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்டவையும் அவற்றின் மாதிரிகளில் பலவும் பழம்பொருள் ஆயுதங்கள். கருமருந்துக்கோ அதன் மாற்றுக்கோ உரியவையாக, மருந்தும் குண்டும் ஒன்றாக அடைத்த முழுத்தோட்டா போட முடியாதவையாக உள்ள மஸில்லோடர்களும் 1998-இல் அந்த வரையறைக்குள் வந்தன. ஆகவே இன்லைன் என்ற ஒரே காரணத்தால் ஒன்று துப்பாக்கிக் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் குழலை மாற்றிவிட்டுத் தோட்டா சுடவும் பயன்படும் சட்டகத்தில் அமைந்தவை அந்த விலக்கில் அடங்கா. குண்டை முன்வாயிலும், அடைத்த மருந்துக்குப்பியைப் பின்பக்கத்திலும் போடும் நைட்ரோஃபயர் 2020-இல் வந்தபோது, அதையும் கூட்டரசு முகமை துப்பாக்கியாகவே வகைப்படுத்தியது. மேலும் மாநிலங்கள் தத்தம் வரையறையை வைத்துக்கொள்கின்றன: உங்கள் பக்கத்து நியூஜெர்சியில் மஸில்லோடர் வாங்கவும் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை தேவை.

சஸ்குவஹானாவாசி எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. ஓசார்க்கனின் வாதம் என்னை யோசிக்க வைத்தாலும், கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய பருவம்தான் எனக்கு முதன்மை என்பதால் .50 ஃப்ளின்ட்லாக் என்று முடிவு செய்கிறேன். கருமருந்து எங்கே கிடைக்கும்? கொலராடோவுக்கு விமானத்தில் எடுத்துச் செல்லலாமா?

நீலமலைக்காரர் எழுதுகிறார்:

விமானத்தில் கூடவே கூடாது. கருமருந்தும் பெர்கஷன் கேப்பும் கைப்பையிலும் சரி, சரக்காக அனுப்பும் பெட்டியிலும் சரி, தடைசெய்யப்பட்டவை. துப்பாக்கியை மட்டும் பூட்டிய பெட்டியில் முறைப்படி அறிவித்து அனுப்பிவிட்டு, மருந்தைச் சென்றடையும் ஊரில் வாங்குங்கள். எந்தக் கடையில் இருப்பு உள்ளது என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் அசல் கருமருந்தை எல்லாக் கடைகளும் வைத்திருப்பதில்லை. லூசியானாவில் இருந்த கோயெக்ஸ் கருமருந்து ஆலையை மூடப்போவதாக 2021-இல் அறிவிப்பு வந்தபோது நாங்கள் திண்டாடினோம். அடுத்த ஆண்டு எஸ்டெஸ் நிறுவனம் அதை வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

இன்னும் இரண்டு செய்திகள். மருந்தைக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் ஊற்றாதீர்கள். உள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். அளவுக் குழாயில் எடுத்துப் பிறகு ஊற்றுங்கள். அடுத்து, துப்பாக்கி காலியாக இருக்கும்போதும் சரியாகக் கெட்டித்த பின்பும் திணிகோல் குழல்வாயில் நிற்கும் இடத்தை அதன்மேல் கோடிட்டு வைத்துக்கொண்டால், ஏற்கெனவே கெட்டித்த குழலில் மறுபடி கெட்டிக்கும் ஆபத்து நேராது. சங்கத்துப் பெரியவரிடம் கேளுங்கள். அவருடைய திணிகோலிலும் அந்தக் கோடு இருக்கும்.