ஜவ்வாது மலையில் சுமையோடு செல்ல அமைதியான மிதிவண்டித் தடம்: முழங்கால் வலிக்கும் டியூப் வெடிப்புக்கும் தீர்வு வேண்டும்

வேலூர்ப் பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. வேலூரில் வசிக்கிறேன். மூன்று ஆண்டுகளாகச் சமவெளிச் சாலைகளில் தவறாமல் மிதித்து வருகிறேன். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் எனக்குச் சிரமமில்லை. வாகன இரைச்சல் இல்லாத மலைக்கிராமச் சாலைகளில், பின்கேரியரில் இரண்டு பைகளோடு, இரண்டு நாள் நிதானமாகச் சுற்றிவர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்கு ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்துள்ளேன். ஆனால் இரண்டு முயற்சிகள் தோல்வியில் முடிந்துவிட்டன.

முதல் முயற்சி ஏலகிரி. அங்கே சுமையில்லாமல் ஏறிவிட்டேன். இறங்கும்போது, புலவர்களும் வள்ளல்களும் பெயர் கொடுத்திருக்கும் அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்பேன், பின்சக்கரத்து டியூப் படாரென்று போய்விட்டது. ரிம்மைத் தொட்டபோது கை சுட்டது. இரண்டாவது முயற்சி, போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூர். மலைச்சாலை தொடங்கிச் சிறிது தூரத்திலேயே முழங்காலின் முன்பக்கம் வலிக்க ஆரம்பித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து, கடைசியில் திரும்பிவிட்டேன்.

வண்டி விவரம்: முன்பற்சக்கரங்கள் இரண்டு, 50 பல்லும் 34 பல்லும்; பின்சக்கரத்துப் பற்சக்கரத் தொகுப்பான கேசட் 11 பல் முதல் 28 பல் வரை (11-28), எட்டு கியர், 700×32 டயர், ரிம்மைப் பிடிக்கும் பிரேக். என் எடை 68 கிலோ, வண்டி 13, சுமை 14. எந்தப் பக்கமாக ஏறினால் என் வயதுக்கும் வண்டிக்கும் பொருந்தும்? டியூப் மறுபடி வெடிக்காமலிருக்க டிஸ்க் பிரேக் வண்டி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

அத்திமூர்ச் சாலை

வணக்கம் ஐயா. நீங்கள் இம்மலையை அதன் கடினமான பக்கத்திலிருந்து ஏற முயன்றிருக்கிறீர்கள். ஜவ்வாது மலைக்கு மேற்கே உள்ள ஜோலார்பேட்டை, திருப்பத்தூர், ஆலங்காயம் சமவெளி, கிழக்கே உள்ள போளூர்ச் சமவெளியைவிட நன்றாக உயர்ந்தது. போளூரிலிருந்து புறப்படுகிறவர் அந்த உயர வேறுபாடு முழுவதையும் தம் காலால் ஏற வேண்டும். மேற்கிலிருந்து வருகிறவருக்கோ அதில் ஒரு பங்கை ரயிலே ஏற்றிக்கொடுத்துவிடுகிறது.

ஆகவே ஜோலார்பேட்டை சந்திப்பு வரை ரயிலில் சென்று, அங்கிருந்து திருப்பத்தூர், ஆலங்காயம், காவலூர், ஜமுனாமரத்தூர் என்று போய், மறுநாள் அத்திமூர் வழியாகப் போளூருக்கு இறங்குங்கள். வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே மிதித்துச் செல்லும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். நீங்கள் தேடும் அமைதிக்கு நேர்மாறான சாலை அது. மிதிவண்டியை ரயில் நிலையத்துச் சுமை அலுவலகத்தில் பதிந்துதான் ஏற்ற வேண்டும். ஓரிரு நிமிடமே வண்டி நிற்கும் சிறு நிலையங்களில் ஏற்றி இறக்குவது கடினம் என்பதால்தான் வாணியம்பாடியைச் சொல்லாமல் ஜோலார்பேட்டையைச் சொல்கிறேன். திரும்பும்போது போளூரிலிருந்து சந்தவாசல், கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு மிதித்தே வந்துவிடலாம். முடியாவிட்டால் காட்பாடி செல்லும் ரயிலும் அதே தடத்தில்தான் ஓடுகிறது.

ஆலங்காயத்தைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைகிறது. அதிகாலையில் அங்கே நம் சங்கிலி ஓடும் சத்தமே நமக்குப் பெரிதாகக் கேட்கும். சுமார் 700 மீட்டர் உயரத்தில், காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977-இல் வெளிப்பட்டபோது, அதைப் பதிவு செய்த இடங்களில் இந்தக் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் இங்கே வந்தது. நகர வெளிச்சம் எட்டாத இடம் என்பது வானாய்வாளர்களுக்கு எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் நம்மைப் போன்றவர்களுக்கும். விளக்கு குறைந்த இடத்தில் வண்டிகளும் குறைவாகவே ஓடும்.

ஜமுனாமரத்தூரில் தங்க இடம் கிடைக்கும். வார இறுதி என்றால் முன்பதிவு செய்துவிட்டே புறப்படுங்கள். மேலே போனபிறகு சாலை சமமாகிவிடும் என்று எண்ண வேண்டாம். சாமை வயல்களுக்கும் பலா மரங்களுக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். மூன்று லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். கரடி நடமாட்டம் உள்ள காடு என்பதால், மாலை ஐந்து மணிக்கு மேல் காட்டுச் சாலையில் இருக்கக் கூடாது என்பதை நான் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறேன்.

சங்கிலிச்சக்கரம்

தடத்தைப் பற்றி அவர் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. முழங்கால் வலிக்கு மட்டும் பதில் தருகிறேன்.

உங்கள் வண்டியின் மிக இலகுவான கியர் முன்னே 34 பல்லுக்குப் பின்னே 28 பல். உங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.15 மீட்டர். அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 2.6 மீட்டர் முன்னேறும். நிமிடத்துக்கு 60 சுற்று என்று மிதித்தால் மணிக்கு 9.4 கிலோமீட்டர் வேகம். நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில், மொத்தம் 95 கிலோவை அந்த வேகத்தில் ஏற்ற சுமார் 210 வாட் ஆற்றல் தேவை. பயிற்சியுள்ள இளைஞர்களுக்கே அது ஒரு மணி நேரத்துக்குக் கடினமான வேலை. உங்களால் அந்த ஆற்றலைத் தர முடியாதபோது பெடல் சுற்று நிமிடத்துக்கு நாற்பதாகக் குறைகிறது. குறைந்த சுற்றுக்கு அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியிருப்பதால், அத்தனை பளுவும் முழங்காலில் இறங்குகிறது. ஆகவே இதில் உங்கள் வயதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. வண்டியில் இருப்பது சமவெளிக்கான கியர், அவ்வளவுதான்.

பின்கேசட்டை 11-34 ஆக மாற்றுங்கள். அதே 60 சுற்றில் வேகம் மணிக்கு 7.7 கிலோமீட்டராகக் குறையும். தேவை சுமார் 175 வாட். சுமையில் ஐந்து கிலோவைக் குறைத்தால் 165-க்கு வரும். மாற்றும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பின் டீரெய்லர், அதாவது சங்கிலியை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி, நீண்ட கூண்டு (சங்கிலியை இழுத்துப் பிடிக்கும் கீழ்க்கை) உடையதாகவும் 34 பல்லை ஏற்பதாகவும் இருக்க வேண்டும். சங்கிலியும் சில கண்ணிகள் நீளமாக வேண்டும். பழைய சங்கிலியையே மாட்டிவிட்டு முன்னும் பின்னும் பெரிய பற்சக்கரத்துக்கு மாற்றினால் டீரெய்லரே பிய்ந்துவிடும்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் இருக்கை தாழ்வாக இருக்கவும் வாய்ப்புண்டு. பெடல் கீழே இருக்கும் நிலையில் குதிகாலை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கால் நேராக நீள வேண்டும். மடங்கியிருந்தால் இருக்கையைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். அதற்குப் பிறகும் வலி இருந்தால் மலையை ஒத்திவைத்துவிட்டு மருத்துவரைப் பார்ப்பதே சரி.

பழைய ரிம்

டியூப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லும் முன் ஒன்று தெரிய வேண்டும். அந்த டியூப் இன்னும் உங்களிடம் இருக்கிறதா? ஓட்டை எந்தப் பக்கம்: சாலையைப் பார்த்த வெளிப்பக்கமா, ரிம்மைப் பார்த்த உட்பக்கமா? நீளமாகக் கிழிந்திருக்கிறதா, சிறிய வட்டமா?

வேலூர்ப் பயணி

நல்லவேளையாகத் தூக்கி எறியவில்லை. இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். உட்பக்கம்தான். பட்டாணி அளவில் வட்டமாகப் பிய்ந்திருக்கிறது. அதே வரிசையில், சம இடைவெளியில், டியூப் முழுவதும் சின்னச் சின்னக் கொப்புளங்கள் போல் தடித்திருக்கின்றன.

பழைய ரிம்

அந்தக் கொப்புளங்களே காரணத்தைக் காட்டிவிட்டன. இடைவெளியை அளந்து பாருங்கள்; உங்கள் ரிம்மில் ஸ்போக் துளைகளுக்கு இடையே உள்ள இடைவெளியோடு அது ஒத்துப்போகும். ரிம்மின் உட்புறத்தில் ஸ்போக் துளைகளை மூடியிருக்கும் நாடா உங்கள் வண்டியில் மெல்லிய பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். ரிம் சூடானதும் அது இளகிவிடுகிறது; காற்றழுத்தம் டியூபை ஒவ்வொரு துளைக்குள்ளும் பிதுக்கித் தள்ளுகிறது; ஏதேனும் ஒரு துளையில் அது கிழிகிறது. சூட்டினால் டயரே ரிம்மைவிட்டு எகிறியிருந்தால் டியூப் நீளவாக்கில் தாறுமாறாகக் கிழிந்திருக்கும்.

ஆகவே புது வண்டி வாங்கவேண்டிய அவசியமில்லை. இரண்டு சக்கரத்திலும் பிளாஸ்டிக் நாடாவை உரித்துவிட்டு, ரிம்மின் அகலத்துக்குப் பொருந்தும் துணி நாடாவை ஒட்டுங்கள். பிரேக் கட்டைகளையும் கழற்றிப் பாருங்கள். அவற்றில் அலுமினியத் துணுக்குகள் பதிந்திருந்தால் ஊசிமுனையால் எடுத்துவிடுங்கள்.

சூட்டைக் குறைப்பது உங்கள் கையில் இருக்கிறது. 95 கிலோ 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கை எதிர்காற்று வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் ரிம்முக்குத்தான் வரும். பயத்தில் பிரேக்கைத் தொடர்ந்து லேசாக அழுத்திக்கொண்டே இறங்கினால் ரிம் ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. நேரான இடத்தில் வண்டியை ஓடவிட்டு, வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வளைவுக்கு ஒருமுறை, பார்வை மறையாத இடத்தில் ஓரமாக நின்று, புறங்கையை ரிம்முக்கு அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். அனல் அடித்தால் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. அது நமக்கும் பொருந்தும்.

மழை பெய்த சாலையில் ரிம் பிரேக் முதல் சில விநாடிகள் பிடிக்காது. வடகிழக்குப் பருவமழை முடியட்டும், சனவரியில் போங்கள்.

வேலூர்ப் பயணி

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். கேசட், சங்கிலி, துணி நாடா மூன்றையும் மாற்றினேன். இருக்கையை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினேன். பைகளைப் பிரித்துப் பார்த்தபோது, ஒரு முழு ஜமுக்காளத்தையும் சுமந்துகொண்டு போயிருக்கிறேன் என்பது தெரிந்தது. அதை எடுத்தபிறகு சுமை ஒன்பது கிலோவாகக் குறைந்தது.

பொங்கலுக்கு அடுத்த வாரம் போனேன். ஆலங்காயத்திலிருந்து காவலூர் வரை ஒரே ஓர் இடத்தில்தான் இறங்கித் தள்ளினேன், அதுவும் எதிரே வந்த பேருந்துக்கு வழிவிட. முழங்கால் வலிக்கவில்லை. ஜமுனாமரத்தூரில் இரவு குளிர் கடுமையாக இருந்தது. ஜமுக்காளத்தை விட்டுவந்ததற்கு அப்போது வருந்தினேன். மறுநாள் போளூர் இறக்கத்தில் ஆறு முறை நின்றேன். நான்காவது முறை ரிம்மில் அனல் தெரிந்ததால் ஒரு புளியமரத்தடியில் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு வாகனம்கூட வரவில்லை. எங்கோ ஓர் ஆட்டு மணி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு சந்தேகம் மீதியிருக்கிறது. 34 பல்லில் மிதிக்கும்போது ஸ்போக்கின் பக்கமிருந்து டிக் டிக் என்று மெல்லிய ஒலி வருகிறது. ஆபத்தா?

சங்கிலிச்சக்கரம்

மிக்க மகிழ்ச்சி ஐயா. அந்த ஒலியை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். டீரெய்லரின் கூண்டு ஸ்போக்கை உரசுகிறது. டீரெய்லர் ஸ்போக்கின் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் திருகைக் கால் சுற்று வலப்பக்கம் திருப்பி, வண்டியைத் தூக்கி நிறுத்திக் கையால் பெடலைச் சுற்றிப் பாருங்கள். ஒலி நின்று, சங்கிலியும் 34-இல் தயங்காமல் ஏறினால் போதும். நிற்காவிட்டால் டீரெய்லரைத் தாங்கும் கொக்கி வளைந்திருக்கும். அதைக் கடையில் நிமிர்த்தும் வரை 34-ஐத் தொடாதீர்கள். ஏற்றத்தில் கூண்டு ஸ்போக்குக்குள் சிக்கினால் சக்கரமே நின்றுவிடும்.