ஒடுங்கு பண்பைக் கணிப்பதில் ஓர் ஐயம்: விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். மெண்டலின் விதிகளைக் கற்பிக்கும்போது எழுந்த ஒரு கேள்விக்கு உங்கள் உதவியை நாடுகிறேன்.

அல்பினிசம் (தோல், முடி, கண்களில் நிறமி குறையும் நிலை) பெரும்பாலும் ஒடுங்கு பண்பாகவே, அதாவது அதற்குரிய அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்) தாய், தந்தை இருவரிடமிருந்தும் கிடைத்தால் மட்டுமே வெளிப்படும் பண்பாகவே, கடத்தப்படுகிறது. அக்குறைபாடு இல்லாத பெற்றோருக்கு அது உள்ள ஒரு மகனும், இல்லாத ஒரு மகளும் இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் பெற்றோர் இருவருமே கடத்திகள் (ஓர் ஒடுங்கு அல்லீலை மட்டும் கொண்டு, குறைபாடு இல்லாதவர்கள்). பெற்றோரின் அல்லீல்கள் சேரும் வழிகளைக் காட்டும் புன்னட் கட்டத்தின் நான்கு அறைகளில், இரண்டு ஒடுங்கு அல்லீல்களும் சேர்ந்த அறை மகளுக்குப் பொருந்தாது. எஞ்சிய மூன்றில் இரண்டு கலப்பு வகை (ஓர் ஓங்கு அல்லீலும் ஓர் ஒடுங்கு அல்லீலும் சேர்ந்தது) என்பதால், அவர் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 2/3. (1/2 என்று எழுதாத மாணவர் அரிது!) அவர் ஒரு கடத்தியை மணந்தால், முதல் குழந்தைக்குக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு 2/3 × 1/4 = 1/6. இதுவரை சிக்கல் இல்லை.

அவர்களுக்குக் குறைபாடற்ற இரண்டு குழந்தைகள் பிறந்துவிட்டால், பேயிஸ் தேற்றத்தின்படி (புதிய தகவலைக் கொண்டு நிகழ்தகவைத் திருத்தும் விதி) தாயான அந்த மகள் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு 9/17 ஆகவும், மூன்றாவது குழந்தைக்குக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு 9/68 ஆகவும் குறைகின்றன. ஒவ்வொரு பிறப்பும் தனித்த நிகழ்வு என்று கற்பித்த பிறகு இதைச் சொன்னால், முன்னுக்குப் பின் முரண் என்கிறார்கள் மாணவர்கள். மாறுவது தாயின் மரபணு அமைப்பைப் பற்றிய நமது அறிவே அன்றி அல்லீல்கள் பிரியும் முறையன்று என்பது என் கருத்து. பேயிஸ் தேற்றம் அறியாதவர்களுக்கும் இதை விளங்கவைக்கும் எளிய வழி, குறிப்பாகக் கட்டம் வரைந்தே காட்டும் வழி, தெரிந்தவர்கள் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.