நியூ சேலம் கடைக் கடன்: சரக்கு விற்றவர் ஒருவர், வசூலிக்க வந்தவர் வேறொருவரா?

ஏட்டுப்பிரியன்:
ஆபிரகாம் லிங்கன் இல்லினாய் மாநிலத்து நியூ சேலம் என்ற சிற்றூரில் வில்லியம் பெர்ரியுடன் கூட்டாகக் கடை நடத்தி நொடித்துப்போனதையும், அக்கடனுக்காக அவருடைய குதிரையும் நில அளவைக் கருவிகளும் ஜப்தி செய்யப்பட்டதையும் படித்தேன். ஆனால், வழக்குத் தொடுத்த வான் பெர்கன் அவர்களுக்குச் சரக்கு விற்றவர் அல்லர். பிறகு எப்படி அவருக்கு அந்தக் கடன் பாக்கியானது? அமெரிக்கப் பழங்குடி மக்களுக்கு வணிகர்கள் கொடுத்த கடனும் இப்படி நீதிமன்றம் வழியாகத்தான் வசூலானதா?

பழைய கணக்கர்:
காரணம் புரோநோட்டு, அதாவது கடனைத் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு. எல்லைப்புறத்தில் வெள்ளிக்காசு அரிது; தோல், சோளம், பன்றியிறைச்சி ஆகியவற்றைக் கொடுத்து மளிகை வாங்கிய ஊரில் கடையையே விலைக்கு வாங்குவதென்றால் கையெழுத்துத்தான் முதல். நாணயம் இல்லாத ஊரில் ஆளின் நாணயத்தை நம்பியே வியாபாரம் நடந்தது. ரூபன் ராட்போர்டின் கடையை 1833 ஜனவரியில் ஊர் முரடர்கள் சூறையாட, சலித்துப்போன அவர் அதை வில்லியம் கிரீனுக்கு விற்றார். கிரீன் உடனே லிங்கன், பெர்ரி இருவருக்கும் கைமாற்றிவிட்டார். இப்படிப்பட்ட விற்பனைகளில் எழுதப்பட்ட நோட்டு, நம்மூரில் ‘மேடோவர்’ செய்வதுபோல, பின்புறக் கையெழுத்துடன் அடுத்தவரிடம் போய்விடும். வான் பெர்கன் அவ்வாறு நோட்டைப் பெற்றவர். ஏலத்தில் கருவிகளை எடுத்து லிங்கனிடமே திருப்பிக் கொடுத்தவர் ஜேம்ஸ் ஷார்ட் என்ற விவசாயி. அப்போது அளவையாளராகப் பிழைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லவேண்டியதில்லை.

தெற்குத்தெரு வழக்கறிஞர்:
ஒன்றைச் சேர்க்க வேண்டும். கூட்டு வியாபாரக் கடனில் ஒவ்வொரு பங்காளியும் முழுத்தொகைக்கும் பொறுப்பு. 1835இல் பெர்ரி இறந்தபோது அவர் விட்டுச்சென்ற சொத்து போதாமல், சுமார் 1,100 டாலர் சுமை லிங்கன் தலையில் விழுந்தது. அதை ‘தேசியக் கடன்’ என்று அவர் கேலியாகக் குறிப்பிட்டார். இரவோடிரவாக ஊரைவிட்டுப் போவதும் அக்காலத்தில் சாதாரணம். டெக்சாஸ் பலருக்குப் புகலிடம், ஏனெனில் அங்கு குடியேறியவர்களிடம் வெளியூர்க் கடனை 12 ஆண்டுகளுக்கு வசூலிக்கக் கூடாது என்று 1829இலேயே சட்டம் வந்திருந்தது. லிங்கன் ஓடவில்லை, ஆண்டுக்கணக்கில் கட்டித் தீர்த்தார். பின்னாளில் அவருடைய வழக்கறிஞர் தொழிலில் பெரும்பகுதி கடன் வழக்குகளாகவே அமைந்தது எனக்கு வியப்பாக இல்லை.

மலைநாட்டு வாசகர்:
இரண்டாவது கேள்விக்கு விடை வேறு. பழங்குடி நாட்டின்மேல், நீதிமன்ற ஆணைப்படி ஜப்தி செய்யும் ஷெரீப் என்ற அதிகாரியை ஏவ முடியாது. ஆகவே அங்கு வசூல், அரசுடன் செய்த நில ஒப்பந்தங்களின் வழியே நடந்தது. கடன் பெருகினால் அவர்களே நிலத்தைக் கொடுத்துத் தீர்க்க முன்வருவார்கள் என்பதால், அவர்களுள் செல்வாக்குள்ளவர்கள் கடன்படுவதை விரும்புவதாகவே குடியரசுத் தலைவர் ஜெபர்சன் 1803 பிப்ரவரியில் இந்தியானா ஆளுநர் ஹாரிசனுக்கு எழுதினார். 1805இல் மவுண்ட் டெக்ஸ்டர் ஒப்பந்தத்தில் சாக்டா என்ற பழங்குடி மக்கள் 40 லட்சம் ஏக்கருக்கும் மேல் விட்டுக்கொடுத்தார்கள். ரொக்கமாகக் குறிக்கப்பட்ட 50,000 டாலரில் 48,000 டாலர், முக்கியமாக புளோரிடாவிலுள்ள பென்சகோலாவின் பாண்டன் லெஸ்லி என்ற வணிக நிறுவனத்துக்கு இருந்த வணிகக் கடனை அடைக்கவே ஒதுக்கப்பட்டது. லிங்கனின் கருவிகளை ஏலத்தில் எடுத்துத் திருப்பிக் கொடுக்க ஒரு ஷார்ட் இருந்தார். சாக்டா நிலத்துக்கு அப்படி ஒருவரும் வரவில்லை.