வீடு பார்க்கும் முன் அந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று பாருங்கள்

நியூயார்க் மாநிலத்தின் ராக்லாண்ட் கவுண்டியில் குடியேறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரலாம். ஆனால் அரசுப் பள்ளிகளின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பள்ளி மாவட்டத்தில், அதாவது ஒரே கல்வி வாரியத்தின் கீழ் வரும் பகுதியில், எத்தனை பிள்ளைகள் தனியார் மதப் பள்ளிக்குப் போகிறார்கள் என்பதையும் பாருங்கள்.

இங்குள்ள ஈஸ்ட் ரமாப்போ பள்ளி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017-18இல் அரசுப் பள்ளிகளில் ஏறக்குறைய 8,800 பிள்ளைகள். அவர்களில் 92 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வழிவந்த லத்தீனோக்கள். தனியார் பள்ளிகளில் 29,000க்கும் மேல். 98 விழுக்காடு வெள்ளையர், பெரும்பாலும் யெஷிவா எனப்படும் யூத மதப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள். காலையில் இந்த மாவட்டத்திலுள்ள மான்சி என்ற ஊர்ப் பக்கம் போனால் ஹீப்ரு எழுத்துப் பொறித்த மஞ்சள் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் காணலாம்.

தம் பிள்ளைகளைத் தம் நெறியில் வளர்ப்பது அந்தப் பெற்றோரின் உரிமை. நான் அதைக் குறை சொல்லவில்லை. என் மனத்தை அறுப்பது வேறு. அரசுப் பள்ளிகளை நடத்தும் கல்வி வாரியத்துக்கு குடியுரிமை பெற்ற ஊரார் அனைவரும் வாக்களிக்கலாம். அந்தப் பள்ளிகளில் பிள்ளை இல்லாதவர்களே பெரும்பான்மை. அங்கே ஆசிரியர் பணியிடங்கள் குறைந்தன, மழலையர் வகுப்பு அரை நாளாகச் சுருங்கியது. 2017இல் தொடுத்த வழக்கில், வாரியத் தேர்தல் முறை வாக்குரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று 2020இல் தீர்ப்பு வந்தது. இப்போது வட்டவாரியாகத் தேர்தல் நடக்கிறது. எச்1பி வேலை விசாவில் இருக்கும் நமக்கு அந்த வாக்கு கிடையாது. வீட்டு வரி மட்டும் உண்டு. வாடகை வீடானால் அதுவும் வாடகைக்குள்ளேயே இருக்கும்.

எந்த ஊரில் யார் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று வீட்டுத் தரகரிடம் கேட்டால் பதில் வராது. ஓர் ஊரின் இனக் கலவையைச் சொல்லி வாடிக்கையாளரைத் திருப்பிவிடுவதை 1968ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் தடை செய்கிறது. நீங்களேதான் தேட வேண்டும். கல்விப் புள்ளிவிவரத் தேசிய மையம் இரண்டாண்டுக்கு ஒருமுறை தனியார் பள்ளிகளிடம் கணக்கு வாங்குகிறது. அதன் தளத்தில் பள்ளியின் பெயரைத் தட்டினால் சேர்க்கை, சமயம், இனம், ஆசிரியர் விகிதம் எல்லாம் கிடைக்கும். அதில் நாம் ‘ஆசியர்’ கட்டத்தில் வருவோம். சீனர், கொரியர், பிலிப்பினோ எல்லோரும் அதே கட்டம்தான். எண்ணைப் பார்த்துத் தமிழ்ப் பிள்ளைகள் நிறைய என்று எண்ணிவிட வேண்டாம். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள், தெரிந்துவிடும்.

கத்தோலிக்கப் பள்ளியை நினைப்பவர்கள், அந்தத் தேவாலயப் பங்கின் உறுப்பினர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பள்ளி வீட்டிலிருந்து 15 மைலுக்குள் இருந்தால் பொதுவாக உங்கள் பள்ளி மாவட்டமே பஸ் அனுப்ப வேண்டும். ஏப்ரல் 1க்குள் எழுத்தில் கேட்க வேண்டும். அதன்பின் குடிவந்தவர்களுக்கு, வந்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம்.