கிளேடு: 'உயிரிக்கிளை'யும் அதன் துணைச்சொற்களும்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

உயிரினங்களை உறவுவழி வகைப்படுத்துவதில் வரும் 'கிளேடு' (clade) என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள்: ஒருமூலத் தொகுதி, இனக்குழு, மரபுக்கிளை, உயிரிக்கிளை. என் ஓட்டு உயிரிக்கிளைக்கு. ஆனால் அதையொட்டி வரும் குழு வகைகளுக்கான துணைச்சொற்களையும் கையோடு முடிவு செய்துவிட வேண்டும். இந்த ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு வகைப்பாட்டியலில் ஒரு பத்திகூட எழுத முடியாது.

> தொகுதி பழகிய சொல்தானே, அதில் என்ன குறை?

பழகிப்போனதுதான் குறை. உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று பாடநூல் போடும் ஏணியில் தொகுதி ஒரு படி. கிளேடுக்குப் படியே கிடையாது. பாலூட்டிகள் மொத்தமும் ஒரு கிளேடு; அவற்றுக்குள்ளே திமிங்கிலங்களும் நீர்யானைகளும் சேர்ந்தாலும் ஒரு கிளேடு. ஒரு மூதாதை, அதன் வழிவந்தவை அத்தனையும், ஒன்றுகூட விடாமல். வரையறை அவ்வளவுதான். 'இனக்குழு' மானிடவியலார் கைக்குப் போய்விட்டது. 'மரபு' என்று தொடங்கினால் வாசகர் மரபணுவை நினைப்பார்.

'கிளை' தமிழில் மரத்தின் கிளையும்தான், உறவும்தான். கேளும் கிளையும் என்கிறோமே. கிரேக்க மூலச்சொல்லுக்கும் கிளை என்றுதான் பொருள். ஓசைகூட ஒத்துப்போவது தற்செயல். அதை வைத்து யாரும் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம்!

'கிளை' என்று மட்டும் விட்டால் விலங்கியலில் சிக்கல் இல்லை. தாவரவியலில் "இந்தக் கிளையில் உள்ள பூக்கள்" என்று எழுதினால் குழப்பம் வரும். அங்கே எப்போதும் உயிரிக்கிளை என்றே எழுதலாம்.

சரி, துணைச்சொற்கள். தாமரையையும் ஆம்பலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் நீரில் வளர்பவை, வட்ட இலை, பெரிய பூ. நெடுங்காலம் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். கிட்டத்தில் பார்த்தால் ஆம்பல் இலை ஓரிடத்தில் பிளந்து நீரோடு ஒட்டி மிதக்கும். தாமரை இலை பிளவில்லாமல் முழு வட்டமாக, நடுவில் காம்பு தாங்க, நீருக்கு மேலே எழுந்து நிற்கும். மகரந்தத்தூளும் வேறு: தாமரைக்கு மூன்று பள்ளம், ஆம்பலுக்கு அப்படி இல்லை. டிஎன்ஏ ஒப்பீடு வந்த பிறகு ஐயமே இல்லாமல் போயிற்று. 1998இல் வெளியான பூக்கும் தாவர வகைப்பாட்டில் தாமரை, பிளாட்டனஸ் என்னும் நிலத்து மரத்தோடு ஒரே வரிசையில் சேர்ந்துவிட்டது. ஆம்பல் பூக்கும் தாவர மரத்தின் அடிப்பக்கத்தில் வெகு முன்பே பிரிந்த கிளை. 'தாமரையும் ஆம்பலும்' என்ற பழைய குடும்பம் வேறு வேறு கிளையிலிருந்து பொறுக்கிச் சேர்த்த குழு. இதற்குப் பல்கிளைக் குழு என்கிறேன்.

இன்னொரு வகை, ஒரே மூதாதை வழிதான், ஆனால் சிலவற்றை வெளியே விட்டிருப்போம். ஊர்வன அப்படி. முதலைக்குப் பல்லியைவிடப் பறவை நெருங்கிய உறவு. பறவையை ஒதுக்கிவிட்டு முதலையையும் பல்லியையும் ஒரு பெட்டியில் போட்டால் கிளை குறைபட்டுப் போகிறது. இருவித்திலைத் தாவரங்களும் இதே கதைதான். மிளகும் இலவங்கப்பட்டை மரமும் அந்தப் பழைய வகுப்பில் இருந்தாலும் 'மெய் இருவித்திலை' என்ற கிளைக்குள் வராது. இது குறைகிளைக் குழு. எதுவும் விடுபடாதது முழுக்கிளைக் குழு.

> முழுக்கிளைக்குப் பதில் ஒருகிளை என்று வைத்தால் பல்கிளைக்குப் பொருத்தமாக இருக்குமே?

பொருத்தம் உண்டுதான் ஐயா. ஆனால் ஊர்வனவும் ஒரே மூதாதையிலிருந்து வந்தவைதான். 'ஒரு' என்று சொன்னால் அதிலிருந்து வேறுபாடு தெரியாது. 1950இல் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் ஜெர்மன் மொழியில் இந்தக் கிளைவழி வகைப்பாட்டு முறையை வகுத்து எழுதியபோது அழுத்தியதே இந்த 'அத்தனையும்' என்பதைத்தான். அதனால் 'முழு' வேண்டும்.

இந்த உறவுகளைக் கிளைகளாக வரைந்து காட்டும் கிளேடோகிராமுக்குக் கிளைப்படம் போதும். அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

மிச்சம் ஒரு சந்திப் பிரச்சினை. 'குறைக்கிளை' என்று வலி மிக வேண்டும் என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். வினைத்தொகையாகக் கொண்டால் மிகாது. குறைகடத்தி என்று ஏற்கெனவே எழுதிப் பழகிவிட்டோம். அதே வழியில் குறைகிளை என்றே விடலாம். மறுப்பிருந்தால் சொல்லுங்கள், சொற்பட்டியலில் திருத்திக்கொள்கிறேன்.