ஒரே சுரப்பியில் 3+3, 4+3 என்று இரண்டு விதமா? அப்பாவின் பயாப்ஸி பற்றி ஒரு கேள்வி

பெரம்பூர் மகள்:
அப்பாவுக்கு 69 வயது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரியில் ஐந்தாறு தடவை எழுந்திருக்கிறாரே என்று டெஸ்ட் எடுத்தோம், ரத்தத்தில் ப்ராஸ்டேட் புரதமான பி.எஸ்.ஏ. 14. ப்ராஸ்டேட் பயாப்ஸியில் 12 துண்டு எடுத்தார்கள். இடது பக்கம் இரண்டு துண்டில் க்ளீசன் (புற்றுச் செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்று காட்டும் எண்) 3+3, வலது பக்கம் மூன்றில் 4+3. மீதியில் ஒன்றும் இல்லை. "ஒரே சுரப்பிதானே சார், எப்படி இரண்டு மாதிரி?" என்று டாக்டரிடம் கேட்டேன். "அப்படித்தாம்மா இருக்கும்" என்று அடுத்த ஃபைலை எடுத்துவிட்டார். தேடிப் பார்த்ததில் 'எபிஜெனடிக்' என்று ஒரு சொல் வருகிறது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரிப்போர்ட்டைப் பார்த்து, "எதும்மா சரி, மூணா, நாலா?" என்கிறார். அவருக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

தரமணி லேப்:
சகோதரி, நான் மருத்துவன் இல்லை. பத்து வருஷமாக ஆய்வகத்தில் டி.என்.ஏ. வேலை பார்க்கிறேன். இரண்டு எண்ணும் சரிதான். ப்ராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் ஒரே இடத்தில் முளைப்பதில்லை. வலதும் இடதும் தனித்தனியாகக் கிளம்பியிருக்கலாம்; அப்போது மரபணுப் பிழைகளே வேறாக இருக்கும். ஆனால் ஒரே கட்டிக்குள்ளும் பக்கத்துப் பக்கத்துச் செல்கள் வேறுபடும். உங்கள் சொல் அங்கேதான் வருகிறது.

அப்பாவுக்குக் கோச் டிராயிங்கை வைத்தே சொல்லுங்கள். எல்லாப் பிரிவுக்கும் ஒரே டிராயிங் கட்டு என்று வையுங்கள். வெல்டிங்கில் விரிப்பது சில தாள், பெயிண்டிங்கில் வேறு தாள், மற்றதெல்லாம் சுருட்டி நூல் கட்டியிருக்கும். டிராயிங்கில் அளவே தப்பாக இருந்தால் அது மரபணுப் பிழை. அளவு சரியாக இருந்தும் தேவையான தாள் சுருட்டிக் கிடந்தால் அது எபிஜெனடிக் கோளாறு. அந்த நூல்தான் மெத்தில்: ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், சைட்டோசின் என்ற டி.என்.ஏ. எழுத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும். செல் இரண்டாகப் பிரியும்போது முடிச்சும் கூடவே நகலாகும்.

ஜி.எஸ்.டி.பி.1 என்று ஒரு மரபணு, செல்லை நச்சுப் பொருள்களிலிருந்து காப்பது. ப்ராஸ்டேட் புற்றுநோயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இது சுருட்டப்பட்டுவிடுகிறது, 1994லேயே கண்டுபிடித்தார்கள். அது ஆரம்பத்திலேயே நடப்பதால் கட்டி முழுக்கப் பொதுவாக இருக்கும். அப்புறம் வருகிற முடிச்சுகள்தான் செல்லுக்குச் செல் மாறுகின்றன.

இதைக் கண்டுபிடிப்பது லேசில்லை. பைசல்ஃபைட் என்ற ரசாயனத்தைப் போட்டால் மெத்தில் இல்லாத சைட்டோசின் யுராசில் என்ற வேறு எழுத்தாகிவிடும், மெத்தில் உள்ளது அப்படியே நிற்கும். பிறகு எழுத்து வரிசையைப் படிக்கிறோம். துண்டு முழுவதையும் அரைத்துப் பார்த்தால் 'பாதி மெத்தில்' என்று சராசரிதான் வரும். பாதிச் செல்கள் முழுக்கச் சுருட்டியவையா, எல்லாச் செல்லும் பாதியா என்று தெரியாது. ஒவ்வொரு செல்லாகப் பிரித்துப் பார்க்கும் தனிச்செல் முறையில் தெரியும். ஆனால் ஒரு செல்லில் இருப்பதே ஏறத்தாழ ஆறு பிக்கோகிராம் டி.என்.ஏ., பைசல்ஃபைட்டில் அதிலும் நிறைய நொறுங்கிப்போகும். கையில் ட்யூபை வைத்திருக்கும்போது மூச்சுவிடவே பயமாக இருக்கும்.

நங்கநல்லூர் 74:
அம்மா, எனக்கும் இதே நோய்தான். முதல் ரிப்போர்ட்டில் 3+4. அதே ஸ்லைடை வேறு இடத்தில் கொடுத்தேன், 4+3 என்றார்கள். கூட்டினால் இரண்டும் ஏழுதான், ஆனால் முதல் எண்தான் அதிகமாக இருப்பதைச் சொல்கிறது, சிகிச்சையே மாறியது. ஸ்லைடையும் சதைத் துண்டு பதித்த மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்கி இன்னொரு பேத்தாலஜிஸ்டிடம் காட்டுங்கள். ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஹார்மோன் ஊசி போட்டால் திடீர் திடீரென்று வேர்த்துக் கொட்டும், அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பெரம்பூர் மகள்:
ரொம்ப நன்றி ஐயா. லேப் சார், அப்பாவிடம் டிராயிங் கதையைச் சொன்னேன். "சுருட்டுன தாளைத் திரும்ப விரிக்க முடியாதா?" என்று உடனே கேட்டார்.

தரமணி லேப்:
சரியான இடத்தில் பிடித்தார்! மரபணுப் பிழையை அழிப்பதைவிட முடிச்சை அவிழ்ப்பது நடக்கக்கூடியது. அசாசிட்டிடின் என்ற மருந்து அப்படித்தான் வேலை செய்கிறது, ஆனால் சில ரத்த நோய்களுக்குத்தான் கொடுக்கிறார்கள். ப்ராஸ்டேட்டுக்கு இன்னும் வழக்கமான சிகிச்சையாக வரவில்லை. இன்னொன்று. ஹார்மோன் சிகிச்சையில் நாளாவட்டத்தில் சில செல்கள் வேறு தாள்களை விரித்து, ஆண் ஹார்மோனே தேவைப்படாத நரம்புச் செல் போன்ற உருவத்துக்குப் போய்விடும். எல்லோருக்கும் நடப்பதில்லை. நடந்தால் பி.எஸ்.ஏ. ஏறாமலே நோய் வளரக்கூடும். அதனால் பின்னாளில் பி.எஸ்.ஏ. எண்ணை மட்டும் நம்பாமல் ஸ்கேனையும் கேளுங்கள். இப்போதைக்கு மெத்தில் டெஸ்ட் என்று யாராவது பணம் கேட்டால், சிகிச்சை எதில் மாறும் என்று முதலில் கேளுங்கள்.

பெரம்பூர் மகள்:
திங்கட்கிழமை பிளாக் வாங்கப் போகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார். ஸ்லைடை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.